காசு என்னுடையது, சாவி அவர்களுடையது

2025 ஜூலை 4
(ஒரு வாசகரின் கேள்வி)

விளையாட்டை விளையாட்டாக மட்டும் பார்க்க முடியாதா? எங்கு பார்த்தாலும் கையெழுத்து இயக்கம், சட்டம், நிறுவனங்களின் பேராசை என்றே பேச்சு. நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆட உட்காருகிறவனுக்கு அரசியல் எதற்கு? சர்வரை மூடினால் அடுத்த கேமுக்குப் போய்விடலாமே.

2025 ஜூலை 4

எனக்கும் இரவில் அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அது எனக்குப் பெரிது. அதனால்தான் பேசுகிறேன்.

ஒரு கார் பந்தய விளையாட்டை மூன்று ஆண்டுகள் ஆடினேன். பெயர் வேண்டாம். பெரும்பாலும் தனியாகவே ஓட்டினேன். யாரையும் முந்த வேண்டும் என்ற எண்ணம்கூட இருந்ததில்லை. இரவில் மழை பெய்யும் ஒரு மலைப்பாதை உண்டு. வைப்பரின் ஓசையும் இன்ஜினின் உறுமலும் மட்டும் கேட்கும். அதில் ஏறி இறங்கினால் தலைவலி போய்விடும். பிறகு ஒரு நாள் சர்வரை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது.

கடைசி இரவு அந்த மலை உச்சியில் வண்டியை நிறுத்தினேன். முன்பின் அறியாத பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே அங்கே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். பக்கத்து வண்டியும் அப்படியே செய்தது. பிறகு எல்லோரும் செய்தோம். நேரம் வந்தது. படம் ஒரு நொடி உறைந்து நின்றது. அடுத்து, கறுப்புத் திரையில் ஒரு வரி: ‘சர்வருடன் இணைக்க இயலவில்லை. பிறகு முயலவும்.’ பிறகு என்ற ஒன்று இனி கிடையாது என்பது அந்த வரியை அங்கே விட்டுச் சென்றவர்களுக்கும் தெரியும்.

வட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கன்சோலில் போட்டால் சுழலும் சத்தம் கேட்கிறது, முகப்புப் படம் வருகிறது, தொடக்க இசைகூட முழுதாக ஒலிக்கிறது. அதற்குமேல் ஒன்றும் நகராது. சாலை, மழை, கார் எல்லாம் அந்த வட்டில்தான் இருக்கின்றன. ஆனால் கதவைத் திறக்கும் அனுமதி எங்கோ ஓர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும், அதை நிறுத்திவிட்டார்கள். நான் தனியாக ஓட்டிய சாலைக்கு எதற்கு அந்த அனுமதி? இந்தக் கேள்வியைத்தான் நீங்கள் அரசியல் என்கிறீர்கள். ஆம், அரசியல்தான்.

2025 ஜூலை 4, இரவு

விட்டுப்போன ஒன்று. நீங்கள் சொல்லும் கையெழுத்து இயக்கம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களின் முறையீடு. நேற்று 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு விதை போட்டது யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டு. 2014 டிசம்பரில் வெளிவந்தது. 2024 மார்ச் 31 அன்று சர்வர் நின்றது. அதிலும் தனியாக ஆடக்கூடிய நீண்ட கதைப்பகுதி இருந்தது. அதுவும் சேர்ந்தே போனது. அடுத்த மாதமே ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற பெயரில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் இயக்கத்தைத் தொடங்கினார். பத்து லட்சம் பேர் ஓர் இரவுப் பொழுதுபோக்குக்காக எழுந்து நின்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2025 ஜூலை 5

‘அப்படியானால் ஒரு நிறுவனம் நட்டத்திலேயே சர்வரை நூறாண்டு நடத்த வேண்டுமா?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். அந்த முறையீட்டிலும் அப்படி ஒரு வரி கிடையாது. கடையை மூடும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை.

முடியாத காரியம் அல்ல. ‘நாக்அவுட் சிட்டி’ என்ற பந்து எறியும் விளையாட்டு 2023 ஜூனில் நின்றது. அதைச் செய்த சிறிய குழு, யார் வேண்டுமானாலும் தம் கணினியிலேயே சர்வரை நடத்திக்கொள்ளக்கூடிய ஒரு பதிப்பை இலவசமாக வெளியிட்டது. முழுக்க முழுக்க ஆன்லைனில் ஆடுவதற்கென்றே செய்த விளையாட்டு அது!

‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ என்ற ஆன்லைன் விளையாட்டின் கதை இன்னும் அழகு. 2012 நவம்பர் 30 அன்று மூடப்பட்டது. ரசிகர்கள் விடவில்லை. தாமே சர்வர் நடத்தினார்கள், பல ஆண்டுகள் ஒளித்தும் மறைத்தும். கடைசியில் 2024 ஜனவரியில் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களில் ஒரு குழுவுக்கு முறையான உரிமமே கொடுத்தது. பன்னிரண்டாவது ஆண்டில் அந்த நகரம் சட்டப்படி திரும்பி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, நான் ஒருநாளும் ஆடாத விளையாட்டுக்காகக் கண் கலங்கினேன்.

அதற்கும் முன்னால் பாருங்கள். 1993-இல் வந்த ‘டூம்’ விளையாட்டின் மூல நிரலை 1997 டிசம்பரில் பொதுவில் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் புதுக் கணினி எது வந்தாலும் யாராவது ஒருவர் அதில் டூமை ஓட வைத்துவிடுகிறார். முப்பது ஆண்டு கடந்தும் அது ஓடுவதற்கு இந்த ஒரு முடிவே போதுமானதாக இருந்தது.

2025 ஜூலை 9

ஓர் எதிர்வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். ‘கார் விளையாட்டு என்றால் கார் நிறுவனங்களின் உரிமம், பாடல் உரிமம் எல்லாம் காலாவதியாகும், விற்க முடியாது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மை. நான் அதை நினைத்துப் பார்க்காமலே எழுதிவிட்டேன்.

ஆனால் விற்பதை நிறுத்துவது ஒன்று, விற்றதைப் பிடுங்குவது இன்னொன்று. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ என்ற கார் விளையாட்டு 2024 டிசம்பரில் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம் இதே உரிமம்தான். முன்பே வாங்கியவர்கள் இன்றும் இறக்கி ஆடுகிறார்கள். உரிமம் முடிந்தாலும் வாங்கியவர் வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை.

இன்னொன்று, ‘சர்வர் இல்லாமல் இது ஓடவே ஓடாது’ என்ற பேச்சு. 2013 மார்ச்சில் வந்த ‘சிம்சிட்டி’யை நினைவிருக்கிறதா? தனியாக நகரம் கட்டுவதற்கும் இணையம் கட்டாயம். முதல் வாரமே சர்வர்கள் திணறி, வாங்கியவர்கள் வரிசையில் நின்றார்கள். கணக்கீட்டில் கணிசமான பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, எளிதில் பிரிக்க முடியாது என்று விளக்கம் வந்தது. சில நாட்களிலேயே நிரலைத் திருத்தத் தெரிந்த ஒருவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆடிக் காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் முறையைக் கொடுத்தது. அதற்குப் பிறகு ‘முடியாது’ என்ற சொல்லை எந்த நிறுவனம் சொன்னாலும் யாருக்கு முடியாது, ஏன் முடியாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூலை 20

இரண்டு வாரமாக வேலை. இன்று வடிவமைப்பைப் பற்றிப் பேச ஆசை. என் உயிர் அங்கேதான் இருக்கிறது.

‘செலஸ்ட்’ என்ற மலையேறும் விளையாட்டை ஆடியவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். பாறையின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டு, ஒரு கணம் தாமதமாகத் தாவும் பொத்தானை அழுத்துங்கள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. இருந்தாலும் கதாநாயகி தாவிவிடுவாள். விளிம்பைத் தாண்டிய பிறகும் சில பிரேம்களுக்கு, அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, தாவலை ஏற்றுக்கொள்ளும்படி நிரல் எழுதியிருக்கிறார்கள். கண் பார்த்து விரல் அசைவதற்குள் ஆகும் தாமதத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ‘நான் சரியாகத்தான் தாவினேன்’ என்று தோன்றும், அவ்வளவுதான். அந்த விளையாட்டு கடினமானது; ஒரே திரையில் எழுபது முறை செத்திருக்கிறேன். ஆனால் ஒருமுறைகூட அது என்னை ஏமாற்றியதாகத் தோன்றியதில்லை. கடினம் என்று தோன்றினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், களைப்பே வராதபடி வைத்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவரை மனிதராக மதித்துச் செய்த வேலை.

இதே கைத்திறன் எதிர்த் திசையில் போனால் என்ன ஆகும் என்பதைப் போன வாரம் என் மடிமேலேயே பார்த்தேன்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. என் போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு நீலக் கவசம் வேண்டும். விலை 800 ரத்தினம். கடையில் ரத்தினம் 500 மூட்டையாகவும் 1,200 மூட்டையாகவும்தான் கிடைக்கிறது. 500 போதாது. 1,200 வாங்கினால் 400 மிஞ்சும். அடுத்த கவசத்துக்கு அது பாதி விலை. ஆக, மீண்டும் ஒரு மூட்டை. ஒரு கவசமோ இரண்டு கவசமோ, எந்த மூட்டையை வாங்கினாலும் கணக்கு நேராக வராது. கொஞ்சம் மிஞ்சும் அல்லது கொஞ்சம் குறையும். ‘மாமா, நானூறு வீணாகப் போய்விடுமே’ என்றான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலையை யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு ஊட்டியிருக்கிறார். வாங்கும் பொத்தான் கட்டைவிரல் தானாக வந்து விழும் இடத்தில், பச்சை நிறத்தில், மெல்லத் துடித்துக்கொண்டிருக்கிறது. மூடும் குறி மேல் மூலையில், நகத்தால் தொட வேண்டிய அளவில் இருக்கிறது.

இது என் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ‘ஃபோர்ட்நைட்’டைச் செய்த எபிக் கேம்ஸ் மேல் கொண்டுவந்த ஒரு வழக்கில் முக்கியக் குற்றச்சாட்டே பொத்தான் அமைப்பைப் பற்றியதுதான். விளையாட்டு தூக்க நிலையிலிருந்து விழிக்கும்போது அழுத்தினாலும், ஒரு பொருளைப் பார்ப்பதற்காகப் பக்கத்துப் பொத்தானைத் தொட்டாலும் பணம் போயிற்று என்றது ஆணையம். திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 24.5 கோடி டாலர். அந்தக் குற்றச்சாட்டில் என்னை உறைய வைத்தது வேறொரு வரி. தெரியாமல் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்டவர்களின் கணக்கையே பூட்டிவிட்டார்களாம். அதுவரை வாங்கியது அனைத்தும் உள்ளே மாட்டிக்கொண்டது. மறுபடியும் அதே சாவி.

2025 ஜனவரியில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ வெளியீட்டாளர் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டபோது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி) விற்கக்கூடாது என்பதோடு, விளையாட்டுக்குள் புழங்கும் போலிப் பணத்தின் உண்மை மதிப்பைக் காட்ட வேண்டும் என்பதும் நிபந்தனை. மருமகனின் நானூறு ரத்தினக் கவலை ஓர் அரசு ஆணையத்தின் காகிதத்தில் ஏறியிருக்கிறது.

இப்படிப்பட்ட கடையை வடிவமைப்பவர்கள் எந்த முகத்தோடு தம்மைக் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள்?

2025 ஜூலை 21

‘பெல்ஜியம் லூட் பாக்ஸுக்குத் தடைச் சட்டம் போட்டது’ என்று வேறொரு விவாதத்தில் எழுதியிருந்தேன். தவறு, திருத்திக்கொள்கிறேன். புதிதாகச் சட்டம் எதுவும் வரவில்லை. இருக்கும் சூதாட்டச் சட்டத்துக்குள்ளேயே அது அடங்கும் என்று அங்குள்ள சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் விளக்கம் தந்தது. அதே ஆண்டு நெதர்லாந்தும் இதே வழியில் போனது; பிறகு, கால்பந்து விளையாட்டுகளைச் செய்யும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மேல் அபராதமும் விதித்தது. 2022 மார்ச்சில் அங்குள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே பெட்டி, இரண்டு தீர்ப்பு.

2025 ஜூலை 27

தொடங்கும்போது சாவி விளையாட்டு நிறுவனத்தின் கையில் என்று எழுதினேன். இந்த மாதம் நடந்ததைப் பார்த்தால் அதற்கும் மேலே ஒரு கை இருக்கிறது.

பணம் செலுத்தும் நிறுவனங்களின், கார்டு வலையமைப்புகளின் விதிகளுக்குப் பொருந்தாத உள்ளடக்கம் கூடாது என்று கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் தன் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தது. சில நாட்களில், சிறு படைப்பாளிகள் தம் விளையாட்டுகளை வைக்கும் இட்ச் தளம் வயதுவந்தோருக்கான விளையாட்டுகளை மொத்தமாகத் தேடலிலிருந்து மறைத்தது. அவற்றில் பல எனக்குப் பிடிக்காதவை. ஒன்றிரண்டு இருக்கவே கூடாதவை. அதை நீதிமன்றமோ, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய அவையோ தீர்மானித்திருந்தால் வாதாட ஓர் இடம் இருக்கும். கார்டு நிறுவனத்திடம் யார் போய் மேல்முறையீடு செய்வது? தன் வாழ்வில் பட்ட காயத்தை ஒரு சின்ன விளையாட்டாக எழுதி வைத்தவரின் பக்கமும் அந்த மூட்டையோடு மறைந்தது.

என் ரசனையை அளவுகோலாக வைத்தால் நான் கைதட்டியிருப்பேன். வேண்டாம். நாளை அதே கை எனக்குப் பிடித்ததை எடுக்கும்.

2025 ஆகஸ்ட் 3

சீனாவில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆன்லைன் விளையாட்டு ஆடலாம். 2021 செப்டம்பர் முதல் இந்த விதி. ‘உங்கள் மருமகனுக்கு இதுதான் மருந்து’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, பதினான்கு வயதில் நான் வீணாக்கிய கோடை விடுமுறைகள் நினைவுக்கு வந்தன. யாராவது அன்றைக்கு ஸ்விட்சை அணைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ? அப்புறம், அதே கோடையில்தான் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒரே கன்ட்ரோலரை மாற்றி மாற்றிப் பிடித்து ஒரு விளையாட்டை முடித்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அவன் இன்றைக்கும் என் நண்பன்.

மணிக்கணக்கை வெட்டும் அரசும், மணிக்கணக்கைப் பிடித்து இழுக்கும் நிறுவனமும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அவன் போக்கில் நிறுத்தக் கற்றுக்கொள்ள விடுவதில்லை. நல்ல விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்ததும் மூச்சு விட ஓர் இடம் இருக்கும். அங்கே நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் சேர்த்த வரிசை போச்சு என்று கட்டிய விளையாட்டில் அந்த இடமே கிடையாது. என் கைக்கு அதிகாரம் வந்தால் பிள்ளையின் மணி நேரத்தில் கை வைக்க மாட்டேன். அந்தத் தொடர்வருகைப் பரிசில்தான் கை வைப்பேன்.

2025 ஆகஸ்ட் 17

ஜூலை 20 குறிப்பின் கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். அப்படி எழுதியதற்கு மன்னிக்கவும்.

துறையில் வேலை பார்க்கும் ஒருவர் எனக்குத் தனியே எழுதினார். அவர் செய்தது கதாபாத்திரம் படியேறும் அசைவு. நான்கு மாத வேலை. கடைப் பக்கத்தின் ரத்தினக் கணக்கைப் போட்டது வேறொரு மாடியில் இருக்கும் வேறொரு குழு. ‘படியில் கால் சரியாக ஊன்றுகிறதா என்று பார்த்தீர்களா?’ என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. கடையைத்தான் பார்த்தேன். இன்று மருமகனின் விளையாட்டைத் திறந்து அந்தக் கதாநாயகனைப் படிக்கட்டில் மேலும் கீழும் நடக்க விட்டேன். ஒவ்வொரு படியிலும் முழங்கால் மடிகிறது, குதிகால் கல்லைத் தொடுகிறது. இறங்கும்போது உடல் கொஞ்சம் பின்னால் சாய்கிறது. அந்த நான்கு மாதம் அங்கே இருக்கிறது.

நல்ல விளையாட்டைச் செய்தால் மட்டும் இவர்களுக்கு வேலை நிலைக்கிறதா? ‘ஹை-ஃபை ரஷ்’ 2023-இல் வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள், பரிசுகள் குவிந்தன. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அதைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. அதற்கு ஏழு மாதம் முன்புதான் 6,870 கோடி டாலர் என்று அறிவித்த பேரத்தில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தை வாங்கி முடித்திருந்தது. பின்னர் கிராஃப்டன் நிறுவனம் வந்து அந்தக் குழுவை எடுத்துக்கொண்டது என்பது நல்ல முடிவு. ஆனால் பரிசு வாங்கிய கையோடு வீட்டுக்குப் போகச் சொன்னதை மறக்க முடியாது.

2025 செப்டம்பர் 6

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் திரும்பி வந்திருக்கிறார். சர்வர் விஷயத்தில் என்னோடு பாதி உடன்படுகிறாராம். ஆனால் கதையில் அரசியல் வேண்டாம் என்கிறார்.

ஐயா, நீங்கள் ‘மோனோபொலி’ ஆடியிருப்பீர்கள். அதன் மூதாதை, எலிசபெத் மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலப்பிரபுவின் விளையாட்டு’. நிலத்தை ஒருவரே வளைத்துப் போட்டால் மற்றவர்கள் எப்படி ஓட்டாண்டி ஆகிறார்கள் என்று காட்டத்தான் அதைச் செய்தார். அரசியலை ஓர் அட்டையில் கட்டம் கட்டிப் போட்டார். பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஆடினார்கள்.

2013-இல் வந்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ எனக்கு இன்னும் நெருக்கமானது. எல்லைச் சாவடி அதிகாரி வேலை. மேசை சிறியது; கடவுச்சீட்டு, அனுமதிச் சீட்டு, விதிப்புத்தகம் மூன்றையும் விரித்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். எத்தனை பேரைச் சரியாகப் பார்க்கிறீர்களோ அத்தனை கூலி. இரவில் வீட்டுக்குச் சாப்பாடா, கணப்பா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு கணவரை உள்ளே அனுப்பினேன். அடுத்து வந்த மனைவியிடம் ஒரு சீட்டு குறைந்தது. மகன் வீட்டில் குளிரில் கிடக்கிறான். தவறுக்கு அபராதம் உண்டு. முத்திரையைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. குறுகிய மேசையும் ஓடும் கடிகாரமும்தான் என்னை அந்த அதிகாரியாக்கின. இதை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் என்ன மிஞ்சும்?

ஒன்றை ஏற்கிறேன். பாத்திரத்தின் வாயில் துண்டறிக்கையைத் திணிக்கும் விளையாட்டுகள் உண்டு. அவை எனக்கும் சலிப்புதான். அங்கே குறை எழுத்தில் இருக்கிறது.

அரசியல் வேண்டாம் என்று நிறுவனங்களும் சொல்வதுண்டு. 2019 அக்டோபரில் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டு விளையாட்டுப் போட்டியில் வென்ற ஹாங்காங் வீரர் நேர்காணலில் தம் ஊர்ப் போராட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். அந்த விளையாட்டைச் செய்த பிளிசார்ட் அவரை ஓராண்டு விலக்கி, பரிசுப் பணத்தையும் பறித்தது. உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்த பிறகு பணம் திரும்பியது, தண்டனை ஆறு மாதமாகக் குறைந்தது. அரசியலைத் தவிர்க்கிறோம் என்று எடுத்த முடிவு எந்தப் பக்கம் போய் நின்றது என்று பாருங்கள்.

2025 செப்டம்பர் 30

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போகிறார்களாம். வாங்குபவர்கள் சவூதி அரசின் முதலீட்டு நிதி, சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனம், அமெரிக்க அதிபரின் மருமகன் ஜாரெட் குஷ்னரின் அஃபினிட்டி பார்ட்னர்ஸ். 2,000 கோடி டாலர் கடன் வாங்கி. அந்தக் கடனை அடைக்கப் போவது யாருடைய கால்பந்து விளையாட்டு, யாருடைய ரத்தின மூட்டை?

விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற நண்பருக்கு இந்தச் செய்தியையும் அனுப்புகிறேன்.

2025 அக்டோபர் 5

‘சரி, நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?’ என்று கேட்டவருக்கு.

வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: இணையத்தைத் துண்டித்தால் இது ஓடுமா? ஓடாது என்றால் வாடகை என்று நினைத்துத்தான் காசு கொடுப்பேன். வாடகைக்குத் தகுந்த காசு. கலிஃபோர்னியாவில் இந்த ஆண்டு ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் விற்றுவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பொத்தானில் போட்டால், இது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாக இறக்கி ஆஃப்லைனில் வைத்துக்கொள்ள முடிகிறவற்றுக்கு அந்த நிபந்தனை கிடையாது. சட்டம் யாருடைய விளையாட்டையும் காப்பாற்றவில்லை. ஆனால் ‘வாங்குதல்’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று ஓர் அரசு எழுதி வைத்தது எனக்குப் பெரிய ஆறுதல். யூபிசாஃப்டும் ‘தி க்ரூ 2’க்கு ஆஃப்லைன் முறை தருவதாகப் போன ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. யாரும் கத்தாமல் இருந்திருந்தால் அந்த அறிவிப்பு வந்திருக்குமா? நான் நம்பவில்லை.

2025 அக்டோபர் 12

இன்று ஒரு பழைய வேலையை முடித்தேன். இங்கே எழுதத் தோன்றுகிறது.

என்னிடம் 1990-களின் தொடக்கத்தில் வந்த ஒரு கேட்ரிட்ஜ், அதாவது பழைய கன்சோலில் செருகி ஆடும் விளையாட்டுப் பெட்டி, இருக்கிறது. சாகச விளையாட்டு. அந்தக் காலக் கேட்ரிட்ஜ்களில் சேமித்த ஆட்டம் ஒரு சின்ன நினைவகச் சில்லில் இருக்கும். மின்சாரம் நின்றால் அது மறந்துவிடும். அதற்காகவே உள்ளே நாணயம் போன்ற ஒரு 3 வோல்ட் பேட்டரி, கன்சோலை அணைத்த பிறகும் சில்லை விழித்திருக்க வைக்கும். அது சில ஆண்டுகளுக்கு முன்பே செத்துவிட்டது. சேமித்தாலும் மறுநாள் எல்லாம் அழிந்திருக்கும்.

மருமகன் டார்ச் பிடித்தான். திருகாணி வழக்கமான வகை அல்ல. தலை வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கும், தனித் திருப்புளி வேண்டும். திறந்தால் உள்ளங்கை அளவுகூட இல்லாத பச்சைப் பலகை. பழைய பேட்டரியின் தகட்டுக் காலைச் சூடாக்கி இழுத்தேன். ஈயம் ஒரு பொட்டாக உருகி வழிவிட்டது. புதியதில் கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று அவனை இரண்டு முறை பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துப் பற்றவைத்தேன். புகை மெல்லிய கோடாக மேலே போனது. ‘இதற்கு யாரிடமாவது கேட்க வேண்டாமா மாமா?’ என்றான். வேண்டாம் என்றேன். ‘சர்வர்?’ கிடையாது. கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் இடத்தில் தன் பெயரை எழுத்து எழுத்தாகத் தேர்ந்தெடுத்துப் பதித்தான். முதல் குகை வரைக்கும் போய்ச் சேமித்தான். அணைத்துவிட்டு, கேட்ரிட்ஜை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தோம்.

‘நாளைக்கும் இருக்குமா?’

இருக்கும் என்றுதான் சொன்னேன். என் பற்றவைப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

2025 அக்டோபர் 13

காலையில் பல்கூடத் துலக்காமல் வந்து போட்டான். முதல் இடத்தில் அவன் பெயர் இருந்தது. இப்போது இரண்டாவது குகையில் இருக்கிறான். அங்கே சுவரில் வெடிப்பு இருக்கிறது, குண்டு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.